பழைய ஃபைபர் படகுக்கு முதலில் பெயின்ட் வேண்டாம்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் தோப்பு வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார். படகு இல்லத்தில் ஓடிக் கழித்துவிட்ட 14 அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழைய சாமான்காரரிடம் வாங்கியிருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் வயதிருக்கும். ஏழெட்டு வருடமாகத் தென்னை மரத்தடியில் மல்லாக்கக் கிடந்ததாம். உள்ளே மிதித்தால் தளம் அமுங்குகிறது, இன்ஜின் மாட்டும் இடத்தில் விரிசல், வெளியே தடவினால் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டுகிறது. இதுவரை ஃபைபர் வேலை எதுவும் செய்ததில்லை. "பட்டி பார்த்து இரண்டு கோட் பெயின்ட் அடித்து இறக்கிவிடலாமா, இல்லை உள்ளே வேறு வேலை இருக்கிறதா, நானே செய்ய முடியுமா?" இதுதான் கேள்வி.

நீங்களே செய்ய முடியும் தம்பி, நிச்சயமாக முடியும். ஆனால் பட்டியும் பெயின்ட்டும் கடைசி மாத வேலை. இப்போதே அடித்தால் உள்ளே இருக்கும் ஈரத்தை நீங்களே மூடி வைக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம். நீங்கள் சொன்ன மூன்று குறையில் வெளுப்புதான் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும், ஆனால் அதுதான் ஆகச் சின்னது. வெயில் பட்டு மேல்பூச்சு பொடிந்திருக்கிறது, அவ்வளவுதான். தளம் அமுங்குவதும் பின்பக்க விரிசலும்தான் படகின் நோய். அந்த நோய் ஃபைபரில் இல்லை, ஃபைபருக்கு உள்ளே இருக்கும் மரத்தில் இருக்கிறது.

ஃபைபர் என்று நாம் சொல்வது கண்ணாடி இழையும், பாலியெஸ்டர் ரெசின் என்ற இறுகும் பிசினும் சேர்ந்தது. அமெரிக்காவின் ஒஹாயோவில் ரே கிரீன் என்பவர் 1942-இல் இப்படி ஒரு சின்னப் படகைச் செய்தார், அதுதான் இந்த வகையின் ஆரம்பம் என்பார்கள். நம் கடற்கரையில் 2004 சுனாமிக்குப் பிறகு மரப் படகு, கட்டுமரம் இருந்த இடத்தையெல்லாம் ஃபைபர் பிடித்துக்கொண்டது. காரணம் அது அழுகாது, கரையான் அரிக்காது. இந்தப் பேரை வைத்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பழைய ஃபைபர் படகில் வெளிக்கூடு மட்டும்தான் முழு ஃபைபர். இன்ஜின் தொங்கும் பின்பலகை, அதாவது டிரான்சம், இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பிளைவுட் வைத்துச் செய்தது. தளத்துக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சட்டங்களும் பெரும்பாலும் மரம், மேலே ஃபைபர் சுற்றியிருப்பார்கள். தளமே பிளைவுட். எங்கேயோ ஒரு போல்ட் துளையில், ஒரு ஸ்குரூ துளையில் தண்ணீர் உள்ளே போய்விட்டால் அந்த மரத்துக்குக் காற்றும் இல்லை, வெயிலும் இல்லை. வருடக்கணக்கில் ஊறி மக்கிப் போய்விடும். வெளித்தோல் பளபளவென்று இருக்கும், உள்ளே காப்பித்தூள் மாதிரி கொட்டும்.

அதனால் முதல் வேலை தட்டிப் பார்ப்பது. தேங்காயைத் தட்டி வாங்குகிறோமே, அதே காதுதான் இதற்கும் வேண்டும். ஸ்குரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடி போதும். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கெட்டியான சத்தம் திரும்பி வரும். ஊறிய இடத்தில் 'தொப்' என்று செத்த சத்தம். ஒரு சாண் இடைவெளியில் வரிசையாகத் தட்டிக்கொண்டே போய், சத்தம் மாறும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டு அடைத்துவிடுங்கள். பின்பலகையில் இன்ஜின் போல்ட் துளைகளைச் சுற்றியும் தண்ணீர் வடிக்கும் அடித்துளையைச் சுற்றியும் இன்னும் நெருக்கமாகத் தட்டுங்கள், கெடுவது பெரும்பாலும் அங்கேயிருந்துதான் தொடங்கும். அப்புறம் உள்பக்கத்திலிருந்து, வெளித்தோலைத் தொடாமல், 6 மி.மீ. பிட்டால் மூன்று நான்கு இடத்தில் துளை போட்டு வரும் தூளைப் பாருங்கள். வெளிர் நிறத்தில் உலர்ந்த சுருளாக வந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. கறுத்து, ஈரமாக, புளித்த வாடையோடு வந்தால் அந்தப் பலகையைக் கழற்றத்தான் வேண்டும். நடுவில் ஒரு வழி கிடையாது. துளை போட்டு ரெசின் ஊற்றினால் மரம் இறுகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். ஈர மரத்துக்குள் ரெசின் போகாது, போனாலும் ஒட்டாது.

வெளியே, தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே சின்னச் சின்னக் கொப்புளம் இருக்கிறதா என்றும் தேடுங்கள். உப்புத் தண்ணீர்தான் படகைக் கெடுக்கும் என்று எல்லோரும் நினைக்கிறோம், ஆனால் இந்தக் கொப்புளம் நல்ல தண்ணீரில்தான் அதிகம் வரும். மேல்பூச்சு வழியாகத் தண்ணீர் மெல்ல உள்ளே ஊறி, ரெசினில் மிச்சமிருக்கும் ரசாயனத்தோடு சேர்ந்து அடர்ந்த திரவமாகிறது. அந்த அடர்த்தி வெளியிலிருந்து இன்னும் தண்ணீரை இழுக்கிறது. கடல் நீர் ஏற்கெனவே உப்பானது என்பதால் இழுவிசை குறைவு. அணைத் தண்ணீரில் அது முழு வேகத்தில் நடக்கும். கொப்புளத்தைக் குத்தினால் புளிப்பு வாடையோடு கொழகொழவென்று வரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு குத்துங்கள், அழுத்தத்தில் பீய்ச்சி அடிக்கும். திறந்து, நல்ல தண்ணீரில் பல நாள் கழுவி, நன்றாகக் காயவிட்டு, எபாக்ஸி என்ற வேறு வகை ரெசினில் செய்த பட்டி வைத்து அடைக்க வேண்டும்.

தூக்கிப் போடலாமா என்று யோசிப்பது இந்தச் சோதனை எல்லாம் முடிந்த பிறகுதான். வெளிக்கூடு நேராக இருந்து, அடியில் ஓட்டை உடைசல் இல்லாமல், மரம் மட்டும் போயிருந்தால் தாராளமாக இறங்கலாம். கூடே முறுக்கிக்கொண்டிருந்தாலோ, நடுவில் முதுகு ஒடிந்த மாதிரி மடிந்திருந்தாலோ விட்டுவிடுங்கள். அதை ஒரு தேர்ந்த ஆள்கூட நேராக்குவது கஷ்டம். மீன் பிடிக்கவோ அக்கரைக்குப் போகவோ மட்டும் ஒன்று வேண்டுமென்றால் பரிசலே போதும், அதுவே இப்போது ஃபைபரில் வருகிறது, செலவும் கம்மி. படகைச் சரிசெய்வது அதையே ஆசையாகச் செய்பவர்களுக்குத்தான்.

இடமும் காலமும் பற்றி நம் ஊருக்கென்று சில விஷயம் சொல்ல வேண்டும். படகு புத்தகம் எல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியது, ரெசின் இறுகவில்லை என்று அழுவார்கள். நமக்கு எதிர்ப்பக்கம். சித்திரை வெயிலில் மத்தியானம் கலக்கினால் மக்கில் இருக்கும்போதே கெட்டியாகிவிடும். வேலையைக் காலை ஆறரைக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்கு முடித்துவிடுங்கள். நேர் வெயிலில் ரெசின் போடவே கூடாது. அப்புறம் ஆடிக் காத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று கோவை, திருப்பூர், உடுமலை என்று புழுதியை வாரி இறைக்கும், உங்கள் பக்கமும் சும்மா இருக்காது. ஈர ரெசினில் புழுதி ஒட்டுவது மட்டும் பிரச்சினை இல்லை. பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் என்ற ஆவியாகும் திரவம் இருக்கிறது, வேகமான காற்று மேல்மட்டத்தில் அதைக் கொண்டுபோய்விடும், அப்புறம் மேல்தோல் சரியாக இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம். ஆக தை பிறந்ததிலிருந்து பங்குனி வரைதான் நமக்கு அருமையான காலம். ஓடாமல் பூட்டிக் கிடக்கும் தறி செட் ஒன்று வாடகைக்குக் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. மேலே கூரை, பக்கத்தில் சுவர், கரண்ட் இருக்கும். தென்னையடியில் செய்யாதீர்கள், மட்டையும் குரும்பையும் ஈர ஃபைபரில் விழும்.

படகை வைக்கும் தாங்கியில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. தளத்தையும் சட்டங்களையும் எடுத்துவிட்டால் வெளிக்கூடு மெல்லிய கிண்ணம்தான். இரண்டு கட்டைமேல் வைத்திருந்தால் அதன் எடையிலேயே வளைந்துவிடும். நீங்கள் புதுச் சட்டம் ஒட்டும்போது அந்த வளைவோடு சேர்த்தே இறுகிவிடும். அப்புறம் அந்தப் படகு தண்ணீரில் நேராக ஓடாது. அதனால் அடியின் வளைவுக்கு ஏற்ப வெட்டிய பலகைகளைக் குறைந்தது நான்கு இடத்தில் கொடுத்து, பழைய ரப்பர் மேட் போட்டு உட்காரவையுங்கள். கொத்தனார் மாதிரி முனையிலிருந்து பின்பலகை நடு வரைக்கும் நூல் பிடியுங்கள். டியூப் லெவல் வைத்து இரண்டு விளிம்பும் ஒரே மட்டமா என்று பாருங்கள். ஒரு சட்டத்தை எடுத்தால் அதைப் புதிதாக வைத்து இறுகின பிறகுதான் அடுத்ததை எடுக்க வேண்டும். எதை வெட்டும் முன்னும் அளவெடுத்து எழுதிக்கொள்ளுங்கள், நூறு படமாவது எடுத்து வையுங்கள்.

இப்போது நான் அதிகம் கவலைப்படும் விஷயம். நம் ஊர்க் கடைகளில் பாலியெஸ்டர் ரெசின் வாங்கினால் கூடவே அதை இறுகவைக்க இரண்டு சின்ன பாட்டில் தருவார்கள். ஊதா நிறத்தில் இருப்பது ஆக்சிலரேட்டர், அது கோபால்ட். தண்ணீர் மாதிரி இருப்பது ஹார்ட்னர், அதன் பெயர் எம்இகேபி. இந்த இரண்டும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது. ஒரே மூடியில் அளந்தால்கூடத் தீப்பிடிக்கும், வெடிக்கும். முதலில் ஆக்சிலரேட்டரை ரெசினில் ஊற்றி முழுக்கக் கலக்கிவிட வேண்டும். அப்புறம் வேறொரு சிரிஞ்சில் ஹார்ட்னரை எடுத்து அந்த ரெசினில் சேர்க்க வேண்டும். இரண்டு பாட்டிலையும் வேறு வேறு அலமாரியில் வையுங்கள், வேறு வேறு நிறத் துணி கட்டி வையுங்கள். சில கடையில் ஆக்சிலரேட்டர் கலந்தே தருவார்கள், வாங்கும்போது கேட்டு டின் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஹார்ட்னர் கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் பார்வையே போகலாம். கண்ணாடி இல்லாமல் அந்த பாட்டிலைத் திறக்காதீர்கள், தெறித்துவிட்டால் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து அப்புறம் நேராக ஆஸ்பத்திரி. கிரைண்டர் போடும்போது வரும் கண்ணாடித் தூளுக்கு நல்ல தூசு முகக்கவசம் வேண்டும், ரெசின் வாடைக்கு அது பத்தாது, கரி வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும். இரண்டும் வேறு. முழுக்கைச் சட்டை, கழுத்தில் துண்டு. குழந்தைகளை அந்த செட் பக்கமே விடாதீர்கள்.

ஹார்ட்னர் அளவு ரெசினின் எடையில் நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு. கண் திட்டம் வேண்டாம், சமையல் எடைத் தராசு போதும். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் 100 கிராம் ரெசினில் 1 கிராம் ஹார்ட்னர் கலந்து எத்தனை நிமிடத்தில் கெட்டியாகிறது என்று பாருங்கள். அந்த நாளின் வெயிலுக்கு அதுதான் உங்கள் கடிகாரம். ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். மிச்சமானதை மக்கிலேயே விட்டால் சூடேறிப் புகைந்து பற்றிக்கொள்ளும், வெளியே மண்ணில் மெல்லியதாகப் பரப்பி ஊற்றிவிடுங்கள்.

படகில் கை வைக்கும் முன் இரண்டு வாரம் பழகுங்கள். ஒரு பழைய கதவுப் பலகையில் மேட், அதாவது கண்ணாடி இழையைப் பாய் மாதிரி ஒட்டிய விரிப்பு, போட்டு ரெசின் ஊட்டிப் பாருங்கள். பிரஷ்ஷை இழுத்துப் பூசக் கூடாது, குத்திக் குத்தி ஊட்ட வேண்டும். வெள்ளையாகத் தெரியும் மேட் கண்ணாடி மாதிரி ஆனால் ஊறிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் இரும்பு ரோலர் போட்டுக் காற்றுக் குமிழை விரட்ட வேண்டும். காய்ந்ததும் அந்தத் துண்டை உளியால் பெயர்த்துப் பாருங்கள். மரத்தின் நாரோடு பிய்ந்து வந்தால் ஒட்டியிருக்கிறது. வழவழவென்று தனியாகக் கழன்றால் எங்கேயோ தவறு. கரூர் பஸ் பாடி பட்டறைகளில் இந்த ஃபைபர் வேலை தினமும் நடக்கிறது. தெரிந்தவர் மூலமாகக் கேட்டு ஒரு இரண்டு நாள் பக்கத்தில் நின்று பார்த்தால், நான் இங்கே பத்துப் பக்கம் எழுதுவதைவிட அது உபயோகமாக இருக்கும். அவர்கள் கை ஓடும் வேகமும், எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்பதும் பார்த்தால்தான் புரியும்.

என் முதல் படகில் இதையெல்லாம் நான் செய்யவில்லை. பின்பலகை சத்தம் மாறுவது காதில் விழுந்தது, ஆனால் பெயின்ட் வாங்கி வைத்திருந்தேன், பொங்கலுக்குள் இறக்க வேண்டும் என்ற அவசரம். மேலே இரண்டு அடுக்கு மேட் ஒட்டி, பட்டி பார்த்து, நீல நிறம் அடித்து இறக்கினேன். நான்காம் மாதம் ஆற்றின் நடுவில் வேகம் கூட்டும்போது இன்ஜின் பின்னால் சாய்வது கைக்குத் தெரிந்தது. கரைக்கு வந்து போல்ட்டைக் கழற்றினால் துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் ஒழுகுகிறது. உள்ளே பலகையே இல்லை, தோல் இரண்டும்தான் இன்ஜினைத் தாங்கியிருந்தன. என் பையன் அன்றைக்குக் கூட இருந்தான். அந்த நினைப்பில்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் தளத்தைத் திறப்பது. விளிம்பிலிருந்து மூன்று விரல்கடை விட்டு, பிளைவுட் கனம் மட்டும் வெட்டும்படி பிளேடு ஆழத்தை வைத்துச் சுற்றி அறுங்கள். ஆழம் கூடினால் வெளிக்கூட்டையே அறுத்துவிடுவீர்கள். தளத்தின் கீழே மஞ்சள் நிற ஃபோம் இருக்கலாம். அது படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் மிதப்பதற்காக ஊற்றியது. பழசாகிவிட்டால் தண்ணீர் குடித்துவிடும், ஒரு துண்டைக் கையால் பிழிந்தாலே தெரியும். ஈரமான ஃபோமைக் காயவைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், காயாது, முழுக்க வெட்டி எடுங்கள். சில படகுகளில் வெளியே எடுக்கும் ஃபோம்தான் படகின் பாதி எடை என்று தோன்றும். மறுபடி மிதப்பு கட்டாயம் வைக்க வேண்டும், அதை மட்டும் தவிர்க்காதீர்கள். கணக்கு எளிது: காற்றடைத்த ஒரு லிட்டர் இடம் கிட்டத்தட்ட ஒரு கிலோவைத் தாங்கும். 200 லிட்டர் அளவுக்குப் புது ஃபோம் ஊற்றினால் அதன் எடை ஆறேழு கிலோதான், தாங்குவது 190 கிலோவுக்கு மேல். ஃபோமுக்கும் அடிக்கூட்டுக்கும் நடுவில் தண்ணீர் வடிந்து பின்னால் வர ஒரு வாய்க்கால் விட்டு ஊற்றுங்கள். பழைய படகுகளில் பலவற்றில் அதை விடாததால்தான் இந்தக் கதி.

தளமும் ஃபோமும் எடுத்ததும் கூடு காய வேண்டும். இது வேலையே செய்யாமல் காத்திருக்கும் வேலை, மனசுக்குக் கஷ்டமானது. ஒரு சதுர பாலிதீன் துண்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஃபேன் போட்டு வையுங்கள், மாசி மாதமென்றால் மூன்று நான்கு வாரம் ஆகலாம். வியர்வை நிற்கும் வரை ரெசின் டின்னைத் திறக்க வேண்டாம்.

பின்பலகையை உள்பக்கத்திலிருந்துதான் திறக்க வேண்டும், வெளித்தோலைத் தொடாமல் வைத்தால் படகின் வடிவம் கெடாது. மூலைகளில் இரண்டு விரல்கடை விளிம்பு விட்டு உள்தோலை அறுத்துப் பெயர்த்து எடுங்கள், அப்புறம் உளியால் மக்கிய மரத்தைச் சுரண்டுங்கள். ஈரமாக இருக்கும் பகுதி சுலபமாக வரும், நன்றாக இருக்கும் பகுதிதான் பிடிவாதம் பிடிக்கும். பாதி நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அட்டையில் அச்சு வெட்டி வைத்துப் பார்த்து, சரியாக உட்கார்ந்த பிறகு பிளைவுட்டில் வரையுங்கள். பிளைவுட் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டாக இருக்க வேண்டும். கடையில் வாட்டர் புரூஃப் என்று ஐஎஸ் 303-ஐ எடுத்துக் கொடுப்பார்கள், அது சமையலறை அலமாரிக்குச் சரி, இதற்கு வேண்டாம். 18 மி.மீ. பலகை இரண்டை ஒட்டினால் 36 மி.மீ. வரும். ஆனால் வெட்டும் முன் பழைய பலகையின் கனத்தை அளந்து அதற்குச் சமமாக எடுங்கள், இன்ஜின் பிடிப்பு அந்தக் கனத்துக்குச் செய்தது. ஒட்டும் முன் பலகையின் வெட்டு முனைகளை எபாக்ஸியால் இரண்டு மூன்று தடவை ஊறவிடுங்கள். தண்ணீர் நுழைவது அந்த முனை வழியாகத்தான்.

வெளித்தோலின் உள்பக்கத்தை நன்றாகத் தேய்த்து, கெட்டியாகக் கலந்த எபாக்ஸியைப் பல்லுக் கரண்டியால் பூசி, பலகையை வைத்து அழுத்துங்கள். ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளைகளை இதற்குப் பயன்படுத்தலாம். வெளியே நேரான ஒரு கனத்த கட்டையை வைத்துக்கொண்டு முறுக்கினால் தோல் உள்வாங்காது. முழு பலத்தையும் போட்டு முறுக்கினால் ஒட்டும் பசை எல்லாம் வெளியே பிதுங்கி வந்துவிடும், சுற்றிலும் ஒரு கோடு பிதுங்கினால் போதும். இறுகினதும் பலகைக்கும் படகின் பக்கச் சுவருக்கும் இடையில் இருக்கும் மூலைகளில் பட்டி வைத்து விரலால் வளைவாக இழுத்துவிடுங்கள். கண்ணாடி இழை கூர்மையான மூலையில் மடங்காது, தூக்கிக்கொண்டு உள்ளே காற்று நிற்கும். அந்த வளைவின் மேல் இழைத் துணியை மூன்று நான்கு அடுக்கு, ஒவ்வொன்றும் முந்தினதைவிட ஒரு அங்குலம் அகலமாக, சுவரில் ஏறும்படி போட்டால் பின்பலகை படகோடு ஒன்றாகிவிடும்.

எபாக்ஸியா பாலியெஸ்டரா என்று அடுத்துக் கேட்பீர்கள். பழைய ஃபைபரின் மேல் புது பாலியெஸ்டர் ரசாயனமாகச் சேராது, சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். எபாக்ஸியின் பிடிப்பு அதைவிட உறுதி, விலையும் அதிகம். எபாக்ஸியை பாலியெஸ்டர் மேல் போடலாம், ஆனால் எபாக்ஸி மேல் பாலியெஸ்டரையோ ஜெல்கோட் என்ற மேல்பூச்சையோ நம்பிப் போடக் கூடாது. உங்கள் படகுக்கு நான் சொல்வது இது: பின்பலகை, சட்டம், தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே வரும் ஒட்டு எல்லாம் எபாக்ஸி. தளத்தின் மேல் பாலியெஸ்டர் போதும், பின்பலகையைத் தொடும் இடத்தில் மட்டும் எபாக்ஸியில் முடியுங்கள். இன்னொன்று, சாதாரண மேட்டில் இழைகளைப் பிடித்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்ஸியில் அது கரையாமல் விறைத்துக்கொண்டு நிற்கும். எபாக்ஸிக்கு நெய்த துணியோ தைத்த துணியோதான் வாங்க வேண்டும்.

சாமான் கணக்கைத் தளத்தை வைத்துச் சொல்கிறேன். தளம் 4 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் இரண்டு அடுக்கு என்றால் 3.6 கிலோ மேட். மேட்டின் எடையைப் போல் இரண்டரை மடங்கு ரெசின், 9 கிலோ. சேதாரத்துக்கு ஒரு கிலோ. ரெசின் கூடினால் பலம் கூடும் என்று நினைப்பது தவறு, பலம் இழையில் இருக்கிறது, கூடுதல் ரெசின் நொறுங்கும். தளப் பலகையை வைக்கும் முன்பே அதன் கீழ்ப்பக்கத்திலும் முனைகளிலும் ரெசின் பூசி அடைத்துவிடுங்கள், பின்னால் அங்கே கை போகாது.

வெளி விரிசலில், மேல்பூச்சில் மட்டும் சிலந்தி வலை மாதிரி இருப்பது ஒன்று, ஆழமாக ஓடுவது ஒன்று. சுரண்டிப் பார்த்தால்தான் தெரியும். ஆழமான விரிசலுக்கு மேலே ஒட்டுப்போடுவது பயனில்லை, சரிவாகத் தேய்த்துத் திறக்க வேண்டும். கனத்தைப் போல் 12 மடங்கு சரிவு. 6 மி.மீ. கனம் என்றால் விரிசலின் ஒவ்வொரு பக்கமும் 72 மி.மீ. தேய்க்க வேண்டும். இவ்வளவா என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலை இறக்கை பழுது பார்ப்பவர்களைப் பாருங்கள், அதுவும் கண்ணாடி இழைதான், அவர்களும் இப்படி நீளமாகச் சரித்துத்தான் ஒட்டுகிறார்கள். ஒட்டும் பரப்பு அதிகமானால்தான் விசை ஒரே இடத்தில் விழாது. தேய்க்கும் முன்னாலேயே அசிட்டோன் வைத்துத் துடையுங்கள். பழைய மெழுகும் கிரீஸும் இருக்கும்போதே தேய்த்தால் அதையெல்லாம் உள்ளே ஏற்றிவிடுவீர்கள். துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட்டில் வெள்ளையாகப் பார்த்து வாங்குங்கள், கலர் துணியில் சாயம் இறங்கும்.

பெயின்ட் பற்றிக் கொஞ்சமாகச் சொல்கிறேன், அது உங்களுக்கு எங்கேயும் கிடைக்கும் தகவல். எபாக்ஸி வேலை முடிந்த இடத்தில் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரும், தண்ணீரும் ஸ்கிரப்பரும் வைத்துக் கழுவிவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். நீளமான பலகையில் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்தால் மேடு பள்ளம் போகும், கையால் தேய்த்தால் அலை அலையாக நிற்கும். எபாக்ஸி பிரைமர், அதற்கு மேல் கார் பெயின்ட் கடையில் கிடைக்கும் பியு, அதாவது பாலியூரித்தேன் பெயின்ட், இரண்டு டப்பாவாக வருவதைக் கலந்து அடிப்பது. அதை ஸ்பிரே செய்வதென்றால் காற்றுக்குழாய் மாஸ்க் வைத்திருக்கும் பெயின்டரிடம் கொடுத்துவிடுங்கள், அந்தப் புகை நுரையீரலுக்கு ரொம்பக் கெடுதல். ரோலரில் நீங்களே அடிக்கலாம், அப்போதும் வடிகட்டி மாஸ்க் கட்டாயம். வெளிர் நிறமாக அடியுங்கள், நம் வெயிலில் கரும்பச்சை, கருநீலப் படகு தொட முடியாத சூடு ஏறும். படகு வருடம் முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்குமென்றால் இந்த பியு பெயின்ட் கீழ்ப்பக்கம் தாங்காது. ஓட்டிவிட்டு மேலே ஏற்றி வைப்பவர்களுக்கு நன்றாகவே நிற்கும்.

துளை விஷயம் மட்டும் விடாமல் செய்யுங்கள், இந்தப் படகு கெட்டதே துளையால்தான். இன்ஜின் போல்ட்டோ கொக்கியோ எதுவானாலும், வேண்டிய அளவைவிடப் பெரிதாகத் துளை போட்டு, அதைக் கெட்டியான எபாக்ஸியால் நிரப்பி, இறுகினதும் அதன் நடுவில் சரியான அளவுக்குத் திரும்பத் துளை போடுங்கள். அப்போது போல்ட்டைச் சுற்றி மரமே இருக்காது, தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது.

இறக்கும் முன் தாங்கியில் இருக்கும்போதே உள்ளே நாலு விரல்கடை தண்ணீர் விட்டு ஒரு இரவு வைத்துப் பாருங்கள், அதற்கு மேல் நிரப்பாதீர்கள், தாங்கி தாங்காது. அப்புறம் யாருடைய பண்ணைக்குட்டையிலாவது இன்ஜின் இல்லாமல் இறக்கி, மணல் மூட்டை ஏற்றி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். பவானிசாகரிலோ அமராவதியிலோ நேராகக் கொண்டுபோய் இறக்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அணை நீர்வளத் துறையின் கையில் இருக்கிறது, அனுமதி வேண்டும். பவானிசாகர் கரையில் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் தொட்டுக்கொண்டிருக்கிறது, யானை தண்ணீருக்கு வரும் இடம். அமராவதியில் முதலை உண்டு. இன்ஜின் மாட்டின படகென்றால் 2021-ஆம் வருட உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவும் சோதனையும் இருக்கின்றன, அதையும் முன்னாலேயே விசாரித்துவிடுங்கள். எத்தனை நன்றாக நீந்தத் தெரிந்தாலும் ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட்.

இப்போதைக்கு வேறு எதுவும் வாங்காதீர்கள் தம்பி. இந்த ஞாயிற்றுக்கிழமை படகை முழுக்கத் தட்டிப் பார்த்து சாக்பீஸ் கோடு போடுங்கள், பின்பலகையின் உள்பக்கம் நடுவில் ஒன்று, அடித்துளைக்குப் பக்கத்தில் ஒன்று, இன்ஜின் போல்ட்டுக்குக் கீழே ஒன்று என்று மூன்று துளை போடுங்கள். மூன்று தூளையும் தனித்தனியாக வெள்ளைத் தாளில் வைத்து, எது எந்த இடம் என்று எழுதிப் படம் எடுத்துப் போடுங்கள். அதைப் பார்த்துவிட்டு எங்கே வெட்டலாம் என்று சொல்கிறேன்.